கடனா, சில்லறையா? லிப்பிங் மா காட்டிய தொடக்கக் கணக்கின் ஆழம்

ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். 1¾ ÷ ½. ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

பள்ளிப் பாடம் நினைவில் இருந்தால் கை தானாக ஓடும். 1¾ என்பது 7/4. வகுத்தல் குறியைப் பெருக்கலாக்கி, ½-ஐத் தலைகீழாகக் கவிழ்த்தால் 7/4 × 2. விடை 14/4, அதாவது மூன்றரை. சரி.

இப்போது இரண்டாவது கேள்வி. இந்தக் கணக்கு எங்கே வரும்? 1¾ ÷ ½ என்று போட வேண்டிய ஒரு சூழ்நிலையைச் சின்னக் கதையாகச் சொல்லுங்கள். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல இருந்தால் போதும்.

இங்கேதான் பலருக்கும் நின்றுவிடுகிறது. முதன்முதலில் இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கும் நின்றது. பெரும்பாலானவர்கள் மனதில் முதலில் வருகிற கதை இப்படி இருக்கும்: "ஒன்றே முக்கால் கேக் இருக்கிறது. இரண்டு பேர் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு எவ்வளவு?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது 1¾ ÷ 2. விடை 7/8, ஒரு முழு கேக்கு கூட வராது. நாம் கேட்டது அரையால் வகுத்தல், செய்தது இரண்டால் வகுத்தல். தமிழில் இந்தக் குழப்பம் ஓர் எழுத்தில் ஒளிந்திருக்கிறது: பாதியாக வகுப்பது வேறு, பாதியால் வகுப்பது வேறு.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அந்தக் கேக்கைக் கால் கால் துண்டுகளாக வெட்டினால் மொத்தம் 7 துண்டு. இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்றரைத் துண்டு. "பார், மூன்றரை வந்துவிட்டதே" என்று தோன்றும். அது மூன்றரை கேக்கு அல்ல, மூன்றரைக் கால்துண்டு. எண் பொருந்திவிட்டதால் கதையும் பொருந்திவிட்டது என்று நம்பிவிடுவோம்.

இந்த இரண்டு கேள்விகளையும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டு, கிடைத்த பதில்களை ஆராய்ந்தவர் லிப்பிங் மா. கணிதக் கல்வியைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையதுதான். ஆசிரியருக்கு எவ்வளவு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய கேள்வியை, எப்படித் தெரிந்திருக்க வேண்டும் என்று மாற்றிக் கேட்டவர் அவர்.

மா ஷாங்காயில் வளர்ந்தவர். சீனாவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, தென் சீனாவின் ஒரு ஏழைக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பிறகு ஷாங்காய் திரும்பிக் கல்வியியல் படித்து, 1988-இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஓர் ஆய்வுத் திட்டத்தில் அமெரிக்க ஆசிரியர்களின் நேர்காணல் எழுத்துப்படிகளை வகைப்படுத்தும் வேலை. கேள்விகளை வடிவமைத்தவர் டெபோரா பால். அந்தப் பதில்களைப் படிக்கப் படிக்க, சீனாவில் தன்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் இதற்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வி மாவுக்குள் எழுந்தது. அதே கேள்விகளோடு சீனாவுக்குப் போய் 72 ஆசிரியர்களைக் கண்டு பேசினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ஷுல்மனின் வழிகாட்டலில் அது முனைவர் பட்ட ஆய்வானது. 1999-இல் நூலாக வந்தது.

அமெரிக்கத் தரப்பில் 23 பேர். 11 பேர் முதல் ஆண்டுப் பணியை முடிக்கும் நிலையில் இருந்தவர்கள், 12 பேர் அனுபவம் உள்ளவர்கள். ஒன்றே முக்கால் கணக்கைப் போட முயன்றவர்கள் 21 பேர், அதில் முழுமையாகச் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். சரியான பொருள் தரும் கதையைச் சொன்னவர் ஒரே ஒருவர். 10 பேர் நாம் மேலே பார்த்த அதே இடத்தில், அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதாக எடுத்துக்கொண்டு சறுக்கினார்கள். சீனத் தரப்பில் 72 பேருக்கும் விடை சரி. 65 பேர் பொருத்தமான கதை சொன்னார்கள். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகளைச் சொன்னார்கள்.

யார் எவ்வளவு படித்தவர்கள் என்று பார்த்தால் இது இன்னும் வியப்பாக இருக்கிறது. அமெரிக்க ஆசிரியர்கள் 16 முதல் 18 ஆண்டுகள் முறையாகப் படித்தவர்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் 11 அல்லது 12 ஆண்டுகள்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. உயர்கணிதம் படித்தால் தொடக்கக் கணக்கு தானாக விளங்கிவிடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம் அல்லவா? அந்த நினைப்பு இங்கே ஆட்டம் காண்கிறது.

சரி, அந்தக் கதைதான் என்ன? சீன ஆசிரியர்கள் சொன்ன கதைகளை மா மூன்று வகையாகப் பிரித்தார்.

முதல் வகை, எத்தனை அரைகள் அடங்கும் என்று அளப்பது. தொழிலாளர்கள் ஒரு நாளைக்கு அரை கிலோமீட்டர் சாலை போடுகிறார்கள். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போட எத்தனை நாள்? மூன்றரை நாள். நம் வீட்டுக் கணக்காகச் சொன்னால், ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் நிரப்பினால் மூன்று பாக்கெட் நிறையும், நாலாவது பாதி நிற்கும். விடை வகுபட்ட எண்ணைவிடப் பெரிதாக வருவதில் இனி எந்த மர்மமும் இல்லை.

இரண்டாவது வகை, பாதி தெரிந்தால் முழுசு எவ்வளவு என்பது. ஒரு கம்பியின் பாதி நீளம் ஒன்றே முக்கால் மீட்டர். முழுக் கம்பி எவ்வளவு? இது இரண்டால் பெருக்க வேண்டிய கணக்கு ஆயிற்றே என்பீர்கள். ஆம், அதனால்தான் அரையால் வகுப்பதும் இரண்டால் பெருக்குவதும் ஒன்று. கவிழ்த்துப் பெருக்கு என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கம்பியிலேயே இருக்கிறது. சீன ஆசிரியர்களில் அதிகம் பேர் சொன்னது இந்த வகைக் கதையைத்தான்.

மூன்றாவது, செவ்வகத்தின் பரப்பளவு 1¾, ஒரு பக்கம் ½ என்றால் மறுபக்கம் என்ன என்பது.

கணக்கைப் போடும் வழியும் ஒன்றோடு நிற்கவில்லை. வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் ஒரே எண்ணால் பெருக்கினால் ஈவு மாறாது. ஆகவே இரண்டையும் இரண்டால் பெருக்கு: 3½ ÷ 1. முடிந்தது. அல்லது தசமமாக்கு: 1.75 ÷ 0.5. அல்லது பிரித்துப் போடு: ஒன்றில் இரண்டு அரை, முக்காலில் ஒன்றரை அரை, கூட்டினால் மூன்றரை. எந்தக் கணக்குக்கு எந்த வழி லேசானது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் கணக்குதான் என்பது அந்த ஆசிரியர்களின் எண்ணம்.

அப்புறம், என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதிக்கு வருகிறேன். பின்னமெல்லாம் இல்லை, இரண்டாம் வகுப்புக் கழித்தல்.

52-லிருந்து 25. நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? "2-லிருந்து 5 போகாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. 5 நாலாகும், 2 பன்னிரண்டாகும்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. வாய்விட்டுக் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் இதே கடன்தான். மா ஆராய்ந்த அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

கடன் என்ற சொல் இரண்டு தப்பான படங்களைக் குழந்தையின் மனதில் வரைகிறது. ஒன்று, 5-உம் 2-உம் தனித்தனி வீடுகள், தனித்தனி எண்கள். உண்மையில் 52 என்பது ஒரே எண். மற்றொன்று, ஒன்றை வாங்கினால் பத்து எப்படி வந்தது என்பதற்குப் பதிலே இல்லை. சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதை வேறு மாதிரிச் சொன்னார்கள்: மேல் இடத்து அலகு ஒன்றைப் பிரிப்பது. ஒரு பத்து என்பது பத்து ஒன்றுகளால் ஆனது. அதைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும். ஓர் ஆசிரியர் மாவிடம் விளக்கியதன் சாரம் இது: பத்தாம் இடத்திலிருந்து ஏன் எடுத்துவரலாம் என்பதற்குக் கடன் என்ற சொல் விளக்கம் தராது, பிரித்தல் என்ற சொல் தரும்.

தமிழில் இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. சில்லறை மாற்றுவது. கையில் பத்து ரூபாய் நோட்டு ஐந்தும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டும் இருக்கின்றன. 25 ரூபாய் கொடுக்க வேண்டும். ஐந்து ஒற்றை ரூபாய் கையில் இல்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றுகிறோம். இப்போது நாலு நோட்டு, பன்னிரண்டு நாணயம். பையில் இருப்பது அப்போதும் 52, இப்போதும் 52. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, யாருக்கும் பாக்கி இல்லை. காய்கறிக் கடைக்குப் போய்வந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

பிரித்தல் என்று பார்த்துவிட்டால் ஒரே கணக்கில் பல பாதைகள் தெரியும். 52-ஐ 40, 10, 2 என்று பிரிக்கலாம். 10-லிருந்து 5 போனால் 5, அதோடு அந்த 2-ஐச் சேர்த்தால் 7, 40-லிருந்து 20 போனால் 20, விடை 27. அல்லது கழிக்க வேண்டிய 5-ஐ 2 என்றும் 3 என்றும் உடைக்கலாம். 2-லிருந்து 2 போய்விடும், மீதி 3-ஐப் பத்திலிருந்து எடுத்தால் 7. சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி வழி பல நேரங்களில் லேசாக இருக்கும். பத்திலிருந்து கழிப்பது மட்டும் தெரிந்தால் போதுமே.

கடன் படத்தின் பலவீனம் சில ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வரும். 5 மணி 10 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். பத்து வாங்கிப் பழகிய பிள்ளை இங்கேயும் பத்தையே வாங்கும். 10 நிமிடம் 20 நிமிடமாகும், கணக்கு சிக்கும். ஒரு மணியைச் சில்லறை மாற்றினால் எத்தனை நிமிடம் என்று கேட்கப் பழகிய பிள்ளை, 4 மணி 70 நிமிடம் என்று எழுதி, 2 மணி 30 நிமிடம் என்று முடித்துவிடும். இரண்டாம் வகுப்பில் சொன்ன ஒரு சொல் ஐந்தாம் வகுப்பில் வந்து உதவுகிறது, அல்லது காலை வாருகிறது.

பெருக்கலில் மா எடுத்துக்கொண்டது 123 × 645. 615, 492, 738 என்று மூன்று வரிகளையும் நேர் கீழாக எழுதி 1845 என்று கூட்டிவிடும் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்? "ஒவ்வொரு வரிக்கும் ஓர் இடம் தள்ளி எழுது" என்று சொன்னால் விடை 79,335 வந்துவிடும். ஏன் தள்ள வேண்டும்? 492 என்பது 492 பத்துகள், 738 என்பது 738 நூறுகள் என்பதால். இதைச் சொல்லாமல் பெருக்கல் குறியோ நட்சத்திரமோ போட்டு இடம் ஒதுக்கப் பழக்குவது விடையைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

நாலாவது கேள்வி வேறு ரகம். ஒரு மாணவி ஓடி வந்து, "நான் ஒரு புது விஷயம் கண்டுபிடித்துவிட்டேன். சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும்" என்கிறாள். சான்றும் வைத்திருக்கிறாள்: பக்கம் 4 உள்ள சதுரத்துக்குச் சுற்றளவு 16, பரப்பளவு 16, 4-க்கு 8 செவ்வகத்துக்குச் சுற்றளவு 24, பரப்பளவு 32. ஆசிரியர் என்ன செய்வார்? இன்னும் சில எடுத்துக்காட்டுகள் வேண்டும் என்ற பதில் அமெரிக்கத் தரப்பில் அதிகம், நூலில் தேடிப் பார்ப்பேன் என்றவர்களும் இருந்தார்கள். தாமே கணக்குப் போட்டுச் சோதிக்க முயன்றவர்கள் மூன்று பேர், அது தவறு என்று காட்டியவர் ஒருவர். நீங்களும் சோதிக்கலாம். நீளம் 11, அகலம் 1 உள்ள செவ்வகத்துக்குச் சுற்றளவு 24, பரப்பளவு வெறும் 11. சுற்றளவு கூடியது, பரப்பளவு குறைந்தது.

சீன ஆசிரியர்களிலும் எல்லோரும் இதைச் சரியாகச் செய்துவிடவில்லை. மாணவி சொன்னதை அப்படியே ஏற்றவர்கள் இருந்தார்கள், வழி தவறியவர்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கையில் பென்சிலை எடுத்தார்கள். சிலர் எதிர் எடுத்துக்காட்டோடு நிற்காமல், மாணவி சொன்னது எப்போதெல்லாம் உண்மையாகும், எப்போது பொய்க்கும் என்று வகைப்படுத்திக் காட்டினார்கள். ஒரு பக்கத்தை அப்படியே வைத்து மறுபக்கத்தை மட்டும் நீட்டினால் அவள் சொன்னது உண்மைதானே. அவளுடைய கண்டுபிடிப்பில் இருந்த உண்மையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்கள். மாவின் ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இப்படிப்பட்ட அறிவுக்கு மா கொடுத்த பெயரைத் தமிழில் 'அடிப்படைக் கணிதத்தின் ஆழ்ந்த புரிதல்' எனலாம். அடிப்படை என்றால் சுலபம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மா அதை அஸ்திவாரம் என்ற பொருளில் சொல்கிறார். மேலே வரும் கணிதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அதனால் இதற்குள் ஆழம் இருக்கிறது. ஒரு விதியை அதைவிட வலுவான கருத்தோடு இணைப்பதை ஆழம் என்றும், பக்கத்தில் இருக்கும் கருத்துகளோடு இணைப்பதை அகலம் என்றும், இவை எல்லாவற்றையும் விட்டுப்போகாமல் ஒன்றாகக் கோப்பதை முழுமை என்றும் அவர் பிரித்துக் காட்டினார். இதற்கு அவர் தரும் உவமை ஒரு டாக்ஸி ஓட்டுநர். ஊரை நன்கு தெரிந்த ஓட்டுநருக்கு ஓர் இடத்துக்குப் போகப் பல வழி தெரியும். ஒரு தெரு அடைத்திருந்தால் மறு தெருவில் திரும்புவார். ஒரே வழியைப் பழகியவர் அங்கேயே நின்றுவிடுவார்.

சீன ஆசிரியர்களிடம் ஒரு பாடத்தைப் பற்றிக் கேட்டால் அதைத் தனியாகப் பேசமாட்டார்கள் என்பதையும் மா கவனித்தார். பெரிய எண்களின் கழித்தலைக் கேட்டால், "இருபதுக்குள் கூட்டல் கழித்தல் எப்படி இருக்கிறது?" என்று அங்கே போவார்கள். 13-லிருந்து 6-ஐக் கழிக்கும்போதுதான் பிள்ளை முதன்முதலாக ஒரு பத்தைப் பிரிக்கிறது. அது உறுதியாக இருந்தால் 52-லிருந்து 25-உம் வரும், 5002-லிருந்து 2998-உம் வரும். இப்படி ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும் பாடங்களை 'அறிவுப் பொதி' என்று மா அழைத்தார். பொதிக்குள் எல்லாம் ஒரே எடை இல்லை. எது சாவி என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது, அங்கே அவசரப்படாமல் நேரம் செலவிட்டார்கள்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? இதை அறிய மா இன்னும் இரண்டு குழுக்களைச் சந்தித்தார்: ஆசிரியப் பயிற்சியில் இருந்த 26 பேர், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 20 பேர், எல்லோரும் சீனர்கள். இவர்களும் கணக்கைப் போட்டுவிட்டார்கள், ஓரளவு விளக்கவும் செய்தார்கள். ஆனால் தேர்ந்த ஆசிரியர்களிடம் இருந்த அந்த ஆழம் இல்லை. ஆக, நல்ல பள்ளிப் படிப்பு விதை போடுகிறது. சொல்லிக்கொடுக்கும் காலத்தில்தான் அது வளர்கிறது.

அது வளர அங்கே இடமும் நேரமும் இருந்தன. அந்தச் சீன ஆசிரியர்கள் கணக்கு மட்டும் எடுப்பவர்கள், அல்லது அதை முதன்மையாக எடுப்பவர்கள். ஒரு நாளைக்கு 45 நிமிட வகுப்பு மூன்றோ நான்கோதான். மீதி நேரம் மற்ற ஆசிரியர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவது, பாடநூலை வரி வரியாகப் பிரித்துப் படிப்பது. இந்த எடுத்துக்காட்டை ஏன் முதலில் வைத்தார்கள், இந்த எண்ணை ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே படிப்பது. வாரந்தோறும் கூடிப் பேச ஆசிரியர் குழுக்கள் இருந்தன. மாணவர்கள் கண்டுபிடித்த வழிகளிலிருந்தும் தாங்கள் கற்றதாகச் சொன்னார்கள். அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியரோ வழக்கமாக நாள் முழுதும் எல்லாப் பாடங்களையும் ஒருவராகவே எடுக்கிறவர். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் "சீன ஆசிரியர் கெட்டிக்காரர், அமெரிக்க ஆசிரியர் சுமார்" என்று மாவின் ஆய்வைச் சுருக்கிவிட்டால் அது அவர் சொன்னதற்கு நேர்மாறானது. 23 பேரையும் 72 பேரையும் வைத்து இரண்டு நாடுகளை அளந்துவிடவும் முடியாது. சீனாவிலும் தான் சொன்ன அந்த ஆழத்தை முழுமையாக எட்டியவர்கள் சுமார் 10 சதவீதம்தான் என்று மாவே எழுதியிருக்கிறார்.

அந்தப் பத்து சதவீதம் பேரும் நீண்ட காலம் சொல்லிக்கொடுத்தவர்கள். கீழ் வகுப்பிலிருந்து மேல் வகுப்பு வரை போய், மறுபடி கீழிருந்து தொடங்கி, தொடக்கப்பள்ளிக் கணக்கு முழுவதையும் ஒரு தடவைக்கு மேல் நடந்து வந்தவர்கள். முதல் வகுப்பில் ஒரு பிள்ளை 13-லிருந்து 6-ஐக் கழிக்க விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பத்து உடையப்போகிற இடங்கள் எல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.